வேகமும் அளவும்

மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரத்திற்கு அணித்தாக அமைந்துள்ளது வில்லாபுரம். அங்குக் கோடையின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சித்திரைத் திங்களின் பிற்பகுதியில் கத்தரி வெயில் தொடங்கியதும் நண்பகலில் தெருக்கள் ஆளரவமின்றிக் கிடக்கும். வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொட்டும் கடந்தும் செல்லும் நாட்கள் உண்டு. மனிதர் நிழலை நாடுவர். கால்நடைகள் மரத்தடியில் ஒதுங்கும். உழவர் காலையிலும் மாலையிலும் உழைத்து உச்சிப்பொழுதில் இளைப்பாறுவர். வெப்பத்தின்முன் உயிர்கள் யாவும் தத்தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

உயிரற்ற பொறியாகிய கணினியும் இவ்வாறு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது பலர் அறியாத செய்தியாகும். வேலை மிகும்போது விரைதலும், வேலை குறையும்போது ஒடுங்குதலும், வேலை இல்லாதபோது உறங்குதலும் இன்றைய கணினிக்கு இயல்பாயின. மனிதன் இவ்வடக்கத்தைப் பொறிக்குக் கற்பித்த வரலாறு சுவையுடையது. அவ்வடக்கத்தை நீக்கிப் பொறியை அளவுக்குமேல் விரட்டுவோரும் உளர். அவர் முயற்சியின் நன்மை தீமைகளும் அறியத்தக்கனவே.

இதனை வில்லாபுரத்து வீடொன்றில் நிகழ்வதாகக் கொண்டு காணலாம். அவ்வீட்டில் அக்காளும் தம்பியும் இருக்கின்றனர். அக்காள் வணிகவியல் பயின்றவள். அண்மையிலுள்ள சிறு கடைகளின் வரவு செலவுக் கணக்குகளை எழுதிக் கொடுத்து ஊதியம் பெறுகின்றாள். தம்பி பாலிடெக்னிக்கில் பயிலும் மாணவன். அவர்கள் வீட்டுக் கணினி கடையில் முழுப்பொறியாக வாங்கப்பட்டதன்று. தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி, மின்விசிறி ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தம்பி தன் கையாலேயே அதனைப் பூட்டினான். சென்னை ரிச்சி தெருவிலும் பிற நகரங்களின் கடைகளிலும் இவ்வுறுப்புகள் தனித்தனியே கிடைக்கின்றன. உறுப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தானே பூட்டுவோனுக்குச் செலவு தன் கைக்குள் அடங்கும். பொறியின் உள்ளமைப்பும் நன்கு விளங்கும்.

கணினியின் உறுப்புகளுள் தலைமையானது செயலி. விரல்நகம் போன்ற சிறு சிலிக்கன் தகட்டின்மேல் டிரான்சிஸ்டர் எனப்படும் நுண்ணிய மின்கதவுகள் எண்ணிறந்தன அமைந்துள்ளன. 1971ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் செயலியில் அத்தகைய கதவுகள் 2,300 இருந்தன. இன்றைய செயலிகளில் அவை நூறு கோடிக் கணக்கில் உள்ளன. இக்கதவுகள் திறந்தும் மூடியும் இயங்குவதே கணினியின் கணக்கீடு முழுமைக்கும் அடிப்படையாகும்.

இக்கதவுகள் யாவும் ஒரு தாளத்திற்குக் கட்டுப்பட்டு இயங்குகின்றன. அத்தாளத்தை அறிவியலார் கடிகாரத் துடிப்பு என்பர். ஒரு வினாடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கை அதிர்வெண் ஆகும். வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடித் துடிப்புகள் ஒரு கிகாஹெர்ட்ஸ். ஆகவே மூன்று கிகாஹெர்ட்ஸ் செயலி என்பது, ஒரு வினாடிக்குள் முந்நூறு கோடி முறை துடிக்கும் செயலி எனப் பொருள்படும்.

துடிப்பின் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். வீடு கட்டுமிடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவதைக் காண்கிறோம். மேலே நிற்கும் கொத்தனார் ஒரு முறை குரல் கொடுத்தால் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சட்டியை அடுத்தவரிடம் சேர்த்துவிட வேண்டும். குரல் அளவாக எழுமாயின் சட்டிகள் ஒழுங்காக மேலே செல்லும். குரலின் விரைவு கைகளின் விரைவை விஞ்சுமாயின், ஒருவர் சட்டியை நீட்டும் முன்னரே அடுத்தவர் கை மறுபுறம் திரும்பிவிடும்; சாந்து கீழே சிந்தும். செயலியிலும் இவ்வாறே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், மின்குறிப்பு பல கதவுகளைக் கடந்து தன் இடத்தைச் சேர்தல் வேண்டும். சேரும் முன்னரே அடுத்த துடிப்பு எழுமாயின், தவறான எண் பிடிக்கப்படும். சாந்து சிந்தினால் கண்ணுக்குத் தெரியும். எண் பிழைத்தால் உடனே தெரியாது. இவ்வேறுபாட்டை உளத்திற் கொள்ளுதல் நன்று.

சித்தாட்களின் கைகள் விரைய வேண்டுமாயின் அவர்களுக்கு வலுவூட்ட வேண்டும். டிரான்சிஸ்டருக்கு வலுவூட்டுவது மின்னழுத்தம். மின்னழுத்தத்தைக் கூட்டினால் கதவுகள் விரைவாகத் திறந்து மூடும். ஆகவே துடிப்பையும் கூட்டலாம். மின்னழுத்தத்தைக் குறைத்தால் கதவுகள் தளர்ந்து இயங்கும்; ஆகவே துடிப்பையும் குறைத்தாக வேண்டும். வேகமும் மின்னழுத்தமும் இவ்வாறு ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போன்றன.

இனி, இவ்வியக்கத்திற்கு ஆகும் செலவைக் காணலாம். கதவுகள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னேற்றம் நிறைந்து வடிகின்றது. அதனால் செலவாகும் மின்திறன், சுற்றின் மின்தேக்குத் திறனையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும், துடிப்பின் அதிர்வெண்ணையும் பெருக்கிவரும் தொகைக்கு ஏற்ப அமையும். இங்கு வர்க்கம் என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். துடிப்பை இருமடங்காக்கினால் செலவும் இருமடங்காகும். மின்னழுத்தத்தை இருமடங்காக்கினாலோ செலவு நான்கு மடங்காகிவிடும். குறைக்கும்போதும் இவ்விதியே நமக்குத் துணைநிற்கின்றது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு காற்பங்காகிவிடும்.

செலவாகும் மின்னாற்றல் எங்கே செல்கின்றது? அது முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 100 வாட் மின்திறனை உண்ணும் கணினி, அறைக்குள் 100 வாட் குண்டுவிளக்கு ஒன்று எரிந்தால் உண்டாகும் வெப்பத்தைத் தருகின்றது. வில்லாபுரத்துக் கோடையில் அத்தகைய விளக்கை வீணே எரியவிட எவர்தாம் விரும்புவர்?

இக்கேள்விக்கு விடையாகவே மின்சிக்கன முறைகள் தோன்றின. முதலில் அவை மடிக்கணினிகளில் இடம்பெற்றன. மின்கலத்தின் துணையால் இயங்கும் பொறிக்குச் சிக்கனம் இன்றியமையாதது அன்றோ? 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்கான பென்டியம் 3 செயலியில் ஸ்பீட்ஸ்டெப் என்னும் முறையைப் புகுத்திற்று. சுவரின் மின்சாரம் கிடைக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட் அழுத்தத்தில் ஓடிய செயலி, மின்கலத்தில் ஓடும்போது 500 மெகாஹெர்ட்ஸ் வேகத்திற்கும் 1.35 வோல்ட் அழுத்தத்திற்கும் இறங்கிற்று. இதனை மேற்கூறிய விதியின்படி கணக்கிட்டுப் பார்க்கலாம். வேகம் ஏறத்தாழ 77 விழுக்காடு எஞ்சியது. மின்செலவோ ஏறத்தாழ 55 விழுக்காடாயிற்று. வேகத்தில் காற்பங்கிற்கும் குறைவாக விட்டுக்கொடுத்து, செலவில் ஏறக்குறைய பாதியை மீட்டனர். வர்க்கத்தின் வலிமை இதனால் விளங்கும்.

2003ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனம் தன் அத்லான் 64 செயலியின் வாயிலாக மேசைக்கணினிக்கும் இத்தகைய சிக்கனத்தைக் கொண்டுவந்தது. அம்முறைக்கு அந்நிறுவனம் இட்ட பெயர் கூல் அண்டு கொயட் என்பது. குளிர்ச்சியும் அமைதியும் எனப் பொருள்படும். வெப்பம் குறைந்தால் மின்விசிறி மெல்லச் சுழலும். அதனால் ஓசையும் அடங்கும். பெயர் பொருத்தமானதே.

வேகத்தைக் குறைத்தல் ஒரு முறை. உறங்குதல் மற்றொரு முறை. எழுத்துப் பொத்தான்களை ஒருவர் எவ்வளவு விரைவாகத் தட்டினாலும், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே செயலிக்கு நெடுநேரம் ஓய்வு கிடைக்கின்றது. அவ்விடைவெளியில் செயலி பல படிகளில் உறங்குகின்றது. முதற்படியில் துடிப்பு மட்டும் தடுக்கப்படும். மேற்படிகளில் மின்னழுத்தமும் குறைக்கப்படும். ஆழ்ந்த உறக்கத்தில், பயன்படாத பகுதிக்குச் செல்லும் மின்சாரமே நிறுத்தப்படும். ஆளில்லாத அறையில் விசிறியை நிறுத்துவதும், வீட்டைப் பூட்டி வெளியூர் செல்வோர் மின்னிணைப்பையே துண்டித்துச் செல்வதும் போன்றன இவை. உறக்கம் ஆழமாகுந்தோறும் சிக்கனம் மிகும். ஆயின் விழித்தெழுவதற்கு ஆகும் நேரமும் மிகும். ஆதலின் எவ்வளவு நேரம் வேலை இராது என்பதைக் கணித்து, அதற்கேற்ற படியை இயக்க முறைமை தேர்ந்தெடுக்கின்றது.

இச்சிக்கனத்தின் பயன் எவ்வளவினது? வேலையின்றி விழித்திருக்கும் கணினி 100 வாட்டும், ஒடுங்கிய கணினி 40 வாட்டும் உண்பதாகக் கொள்க. வேறுபாடு 60 வாட். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் கணினி இவ்வாறு இருக்குமாயின், அறுபது நாட்களில் மிச்சமாவது 21.6 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு திங்களுக்கு ஒரு முறை மின்கட்டணம் கணக்கிடப்படுகின்றது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்னும் சலுகை 2016இல் தொடங்கிற்று. அச்சலுகையில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட அளவை, எவருக்கும் பயன்படாத வெறும் விழிப்பே விழுங்கிவிடும் என்பது இக்கணக்கால் தெளிவாகும். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிற்று. அக்காலத்தில் மின்கலத்தை நம்பிக் கணினியை இயக்கியோர், ஒவ்வொரு வாட்டின் அருமையையும் நன்கு உணர்ந்தனர்.

குறைந்த மின்செலவில் இயங்கும் சுற்றுகளை ஆராய்ந்தோருள் முன்னணியில் நிற்பவர், சென்னையில் பிறந்த அனந்தா சந்திரகாசன் ஆவார். அவர் இளமையிலேயே அமெரிக்கா சென்று பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1992ஆம் ஆண்டில் அவர் பிற அறிஞர் இருவருடன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இத்துறையில் புதுவழி காட்டிற்று. வேகம் குறையுமே என்று அஞ்சி மின்னழுத்தத்தைக் குறைக்கத் தயங்கிய காலம் அது. அவ்வறிஞர்கள் வேறு வழியைக் கூறினர். ஒரு சுற்றை விரைவாக ஓட்டுவதற்கு மாறாக, அதே போன்ற இரு சுற்றுகளை அருகருகே வைத்துப் பாதி வேகத்தில் ஓட்டலாம். இரண்டும் சேர்ந்து பழைய வேலையைப் பழைய நேரத்திலேயே முடித்துவிடும். வேகம் பாதியானமையால் மின்னழுத்தத்தையும் தாழ்த்தலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட சுற்றில் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டாகக் குறைந்தது. மின்செலவு 36 விழுக்காடாயிற்று. சுற்று அமைவதற்கான இடம் மட்டும் மூன்று மடங்கிற்கு மேல் தேவைப்பட்டது. ஒருவன் ஓடிச் செய்யும் வேலையை இருவர் நடந்து செய்தால் களைப்புக் குறையும் என்னும் எளிய உண்மையை அவர்கள் சிலிக்கனில் நிலைநாட்டினர். சந்திரகாசன் 1994இல் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்று, 2017இல் அதன் பொறியியல் பிரிவுக்குத் தலைவரானார்.

இனி, மறுபுறத்தைக் காணலாம். செயலிக்குத் தயாரிப்பாளர் விதித்த துடிப்பைவிட மிகுந்த துடிப்பில் அதனை ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பர்; தமிழில் மிகைத்துடிப்பு எனலாம். இதற்கு இடமுண்டானது எவ்வாறு? ஒரே வார்ப்பில் உருவாகும் செயலிகள் யாவும் ஒரே திறமுடையன அல்ல. சில மிக விரைவாக ஓடவல்லன. சில சற்றுத் தளர்ந்தன. எத்தகைய வெப்பத்திலும், எத்தகைய வீட்டிலும், பல்லாண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்னும் நோக்கத்தால், தயாரிப்பாளர் ஒவ்வொன்றின் எல்லைக்கும் சற்றுக் கீழே வேகத்தை விதிக்கின்றனர். அவ்விடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வதே மிகைத்துடிப்பு.

1998ஆம் ஆண்டில் வெளிவந்த செலரான் 300ஏ என்னும் செயலி இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. தாய்ப்பலகை தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நான்கரையால் பெருக்கி, அது 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிற்று. தாய்ப்பலகையின் துடிப்பை 100 ஆக உயர்த்தியபோது, அதே செயலி 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடக்கண்டு பலர் வியந்தனர். மலிவான செயலி விலையுயர்ந்த செயலிக்கு இணையாயிற்று. குறைந்த பொருளுடைய மாணவர்க்கு இது பெரும்பேறாகத் தோன்றியதில் வியப்பில்லை. பின்னர் இது போட்டியாகவும் வளர்ந்தது. 2011ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ் செயலி ஒன்றைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 8.429 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டிக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஆனால் திரவ ஹீலியம் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளன்று; அவ்வேகமும் சில நொடிக் காட்சியேயன்றி, அன்றாடப் பணிக்கு உரியதன்று.

வில்லாபுரத்துத் தம்பியும் இவற்றையெல்லாம் படித்தான். மார்கழித் திங்களில் ஓர் இரவு, 3 கிகாஹெர்ட்ஸ் செயலியை 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்திற்கு உயர்த்தினான். அது நிலைத்து ஓடும்பொருட்டு மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.32 வோல்ட்டாகக் கூட்டினான். துடிப்பு ஏறியிறங்காதிருக்க வேண்டுமென்று சிக்கன முறைகளையும் நிறுத்திவிட்டான். குளிர்நாடு ஒன்றில் வாழ்பவர் கண்டறிந்த அளவுகள் அவை. கணினி தடையின்றி ஓடிற்று.

"அக்கா! ஒரு காசும் செலவின்றி இக்கணினியை முன்னினும் விரைவாக ஓடச் செய்துவிட்டேன்" என்று அவன் மகிழ்ந்து கூறினான்.

"காசு செலவாகவில்லையென்றால், வேறு எதைச் செலவிட்டாய், தம்பி?" என்று அக்காள் நகைத்துக்கொண்டே கேட்டாள்.

அவ்வினாவுக்கு விடை சித்திரையில் கிடைத்தது. கடைகளின் வரிக்கணக்கைச் செலுத்துவதற்குரிய நாள் நெருங்கியிருந்தது. நண்பகல் நேரத்தில் அக்காள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கணினி திடீரென்று நின்று தானே மீண்டும் தொடங்கிற்று. அன்று மும்முறை அவ்வாறு நிகழ்ந்தது. மாலையில் கணக்கேட்டைத் திறக்க முயன்றபோது, அது சிதைந்து திறவாமற் போயிற்று. ஒரு திங்களின் உழைப்பு ஒரு பிற்பகலில் அழிந்தது. கடைக்காரர்கள் கொடுத்த பற்றுச்சீட்டுகளைக் கொண்டு மூன்று இரவுகள் உறங்காது அவள் அக்கணக்கை மீண்டும் எழுதினாள். தம்பி அருகிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்துச் சொன்னான். அவள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே அவனுக்குப் பெருந்துன்பமாயிற்று.

மார்கழியில் ஓடிய கணினி சித்திரையில் ஓடாதது ஏன்? மூன்றாம் இரவின் முடிவில் தம்பி தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டான். துடிப்பு 1.2 மடங்காயிற்று. மின்னழுத்தம் 1.1 மடங்காயிற்று, அதன் வர்க்கம் 1.21. இரண்டையும் பெருக்கினால் மின்செலவு 1.45 மடங்காகும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பெறுவதற்கு, மின்சாரத்திலும் வெப்பத்திலும் ஏறக்குறைய பாதிப்பங்கு கூடுதலாகக் கொடுத்திருக்கிறான். முன்னர்ச் செயலி முழுவேலையில் அறையின் வெப்பநிலையைவிட 40 பாகை உயர்ந்து நின்றது. இப்போது அது 58 பாகை உயர்ந்து நிற்கும்.

காற்றால் குளிர்விக்கும் விசிறி எதுவும், செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. மார்கழி இரவில் அறை 25 பாகையில் இருந்தது. 58 கூட்டினால் 83. அது தாங்கத்தக்க வெப்பமே. சித்திரை நண்பகலில் அறை 40 பாகையில் இருந்தது. 58 கூட்டினால் 98. பெட்டிக்குள் அடைபட்ட காற்று அறையைவிட இன்னும் சூடானது. விசிறியிலும் தூசி படிந்திருந்தது. பல செயலிகளுக்கு 100 பாகை அளவே எல்லையாகும். வெப்பம் மிகுந்தால் மின்குறிப்புகள் தளரும்; மூடிய கதவுகளின் வழியாகவும் மின்சாரம் கசியும்; அக்கசிவு மேலும் வெப்பத்தை உண்டாக்கும். சாந்துச் சட்டி சிந்தியது இவ்வாறே. பழைய அளவிலேயே விட்டிருந்தால் சித்திரையிலும் 80 பாகைக்கு மேல் ஏறியிராது. தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி வீணானதன்று என்பதும், அது கத்தரி வெயிலுக்காக ஒதுக்கிய சேமிப்பு என்பதும் அவனுக்கு அப்போது விளங்கின.

தம்பி கணினியைப் பழைய அளவிற்கே மீட்டான். நிறுத்திய சிக்கன முறைகளை மீண்டும் இயக்கினான். விசிறியின் தூசியைத் துடைத்தான். கணக்கேடுகளை நாள்தோறும் மற்றொரு வட்டில் படியெடுத்து வைக்கவும் ஏற்பாடு செய்தான்.

ஒரு வீட்டில் நேர்ந்த இவ்வனுபவம், உலகின் பெரிய தொழிற்சாலைகளுக்கும் நேர்ந்துள்ளது. துடிப்பைக் கூட்டிக்கொண்டே செல்வதுதான் முன்னேற்றம் என்று ஒரு காலத்தில் கருதினர். 2000ஆம் ஆண்டில் 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் தோன்றிய பென்டியம் 4 செயலி, 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிற்று. அடுத்து 4 கிகாஹெர்ட்ஸ் வெளியிடுவதாக இருந்த திட்டத்தை அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனம் கைவிட்டது. வெப்பத்தை ஆற்றும் வழி அரிதாயிற்று. அதன் பின்னர் ஒரு சில்லில் இரண்டு, நான்கு, எட்டு எனப் பல செயலகங்களை அமைத்து, ஒவ்வொன்றையும் அளவான வேகத்தில் ஓட்டும் முறை பரவிற்று. ஓடுவதைவிட இருவராக நடப்பது நன்று என்று 1992இல் கூறிய வழியும் இதுவே அன்றோ? 2008இல் வந்த டர்போ பூஸ்ட் என்னும் முறை, வெப்பமும் மின்செலவும் இடங்கொடுக்கும்போது மட்டும் செயலியே தன் வேகத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளவும், எல்லை நெருங்கியதும் தானே தாழ்த்திக்கொள்ளவும் வழிசெய்தது. விரைவும் அடக்கமும் ஒரே பொறியில் இணைந்தன.

தமிழ்நாட்டிலும் செயலி வடிவமைக்கும் கலை வளர்ந்து வருகின்றது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் சக்தி என்னும் செயலி வரிசையை வடிவமைத்தனர். 2018ஆம் ஆண்டில் அவ்வரிசையைச் சேர்ந்த சில்லு ஒன்று, மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. கருவிகளுக்குள் அமர்ந்து குறைந்த மின்சாரத்தில் பணிபுரியும் சிறு செயலிகளும் அவ்வரிசையில் உள்ளன. விரைவில் முதலிடம் பெறுவது மட்டுமே சிறப்பென்று கருதாது, தேவைக்கேற்ற ஆற்றலைத் தேவையான செலவில் தருவதையும் சிறப்பாகக் கொண்ட முயற்சி அது.

ஆயின், மிகைத்துடிப்பை முற்றிலும் விலக்க வேண்டுமா? அவ்வாறு கூற வேண்டுவதில்லை. பொறியின் எல்லையை ஆராய்ந்து அறிய விரும்பும் மாணவர்க்கு அது நல்ல பயிற்சியே. ஆனால் முறையறிந்து செய்தல் வேண்டும். பிறர் பிழைப்புக்குரிய கணினியில் அதனைச் செய்தலாகாது. துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் பல மணி நேரம் முழுவேலை கொடுத்துச் சோதித்தல் வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டுமுன் அதன் வர்க்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெப்பநிலையை அளந்தறியாமல் எதனையும் உயர்த்தலாகாது. வெளிநாட்டார் அளவை அப்படியே மேற்கொள்ளாது, தம் ஊரின் சித்திரை வெயிலைக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். சோதனைக்குமுன் ஏடுகளைப் படியெடுத்து வைத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

வரவு என்று ஒருபுறம் எழுதினால் மறுபுறம் அதற்கு நேரான பற்று இருந்தே தீரும் என்பது கணக்கியலின் முதற்பாடம். அப்பாடத்தை அக்காள் கல்லூரியிலேயே கற்றிருந்தாள். செயலியின் வேகமும் அக்கணக்கினின்று தப்புவதில்லை. வேகத்தை வரவு வைக்கும்போது, மின்சாரமும் வெப்பமும் நம்பகமும் மறுபுறத்தில் பற்றாக எழுதப்படுகின்றன. அவ்விருபுறத்தையும் ஒருங்கே நோக்கிச் செயல்படுவோன் பொறியை ஆள்வான். ஒருபுறத்தை மட்டும் நோக்குவோனுக்கு மறுபுறத்தைச் சித்திரை வெயில் ஒருநாள் காட்டியே தீரும்.